எத்திராஜு சொன்ன கல்யாண மீன்

நைனா செல்வராஜு,

நலம் விசாரிப்பதையெல்லாம் கடைசியில் வைத்துக்கொள்வோம். முதலில் சேதி. உன் கல்யாணம் குறித்த தேதியிலேயே நடக்கும். ஆவணியில், நாம் பேசி முடித்த அதே முகூர்த்தத்தில். நடக்காமல் என்ன என்று நீ கேட்பாய். தள்ளிப்போக இருந்தது நைனா! ஐந்து வாரமாக இங்கே ஒரு கூத்து நடந்தது. உனக்கு எழுதி உன் மனதைக் கெடுக்கக்கூடாது என்று உன் அம்மா என் பேனாவைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்துவிட்டாள். நேற்று ஞாயிற்றுக்கிழமை உச்சி வேளைக்கு எல்லாம் சரியாகிவிட்டது. அப்போதிருந்து எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. இன்றைக்கு ஹார்பருக்கு லீவு சொல்லி அனுப்பிவிட்டேன். உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்திருக்கிறது, அதனால் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். ஏன் உரிந்தது என்று கேள். பதினைந்து வருஷத்துக்கு அப்புறம் உன் அப்பன் துடுப்புப் போட்டான்! அதுவும் யாருடைய கட்டுமரத்தில்? உன் எத்திராஜு மாமாவின் மரத்தில்!

மாமா போய் நாலு மாசம் ஆகிறது. காரியத்துக்கு நீ விசாகப்பட்டினத்திலிருந்து வந்துவிட்டுப் போனாய். அவன் உயிரோடு இருந்தபோதே உனக்கு அவன் மகள் பூங்காவனத்தைப் பேசி, தட்டு மாற்றி முடித்தோம். அன்றைக்கு அவன் கூட்டத்தின் நடுவே எழுந்து நின்று, "கல்யாணத்துக்கு மறுநாள் விருந்து என்னுது. மீன் எங்கேர்ந்து வரும்னு என் மச்சானுக்குத் தெரியும்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தான். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் போன பிறகு உன் நாகம்மா அத்தை அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். வருஷம் திரும்புவதற்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று ஊர் முழுக்கச் சொல்லியும், "எந்த எடத்து மீன அவரு சொன்னாரோ அந்த எடத்து மீன் வரட்டும். மார்க்கெட்ல வாங்கிப் போட்டா அது அவரு போட்ட விருந்து ஆவாது. மீன் கெடைக்கலியா, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்று உட்கார்ந்துவிட்டாள். உன் அத்தையின் பிடிவாதம் உனக்குத் தெரியாததா? நான் செலவு செய்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னதற்கு, மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

அது என்ன இடம், ஏன் அந்த மீன், இதில் உன் அப்பன் செய்த காரியம் என்ன என்பதை உனக்கு எழுத வேண்டும். நீ இன்னொரு வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு தனிக் குடித்தனம் போகப்போகிறவன். உன் அப்பனைப் பற்றி நல்லதை மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு போனால் போதாது.

எத்திராஜு உனக்கு அத்தை புருஷன். எனக்கு யார் என்று சொல்கிறேன் கேள். என் தாய்மாமன் மகன். என்னைவிடப் பதினோரு நாள் பெரியவன். அந்தப் பதினோரு நாளை வைத்துக்கொண்டு ஆயுசுக்கும் என்னை அதிகாரம் பண்ணினான். ராயபுரத்தில் ரயில் பாதை ஓரத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வருஷம் ஒரே பலகையில் உட்கார்ந்தோம். அப்புறம் ஒரே கட்டுமரத்தில் கடலுக்குப் போனோம். அப்புறம் என் தங்கச்சியைக் கட்டிக்கொண்டு எனக்கு மாப்பிள்ளையானான். அதற்கப்புறமும் என்னை 'டா' போட்டுத்தான் கூப்பிட்டான். நான் மாப்பிள்ளை மரியாதை கொடுத்து 'வாங்க' என்று ஒரு தரம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், அதோடு அந்த மரியாதை முடிந்தது.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஒரு வாத்தியார். அடிக்க மாட்டார், கிள்ளுவார். தொடையில் ஒரு இடத்தைப் பிடித்தால் மணி அடிக்கும் வரை விடமாட்டார். ஒரு நாள் எல்லோரையும் அவரவர் ஊரைப் படமாகப் போடச் சொன்னார். நான் தெருத் தெருவாகக் கோடு போட்டு, ஸ்டேஷன் போட்டு, மாதா கோயில் போட்டு, தெருப் பேரெல்லாம் குண்டு எழுத்தில் எழுதி முதல் மார்க்கு வாங்கினேன். எத்திராஜு சிலேட்டில் ஒரு தெருகூட இல்லை. கீழே ஒரே ஒரு நீளக் கோடு, அதன்மேல் வரிசையாக மாதா கோயில் கோபுரம், அதன் பின்னால் ஆலைச் சிம்னி, தள்ளி ஒரு பனை, அதற்கும் தள்ளித் திருவொற்றியூர்க் கோயில் கோபுரம். "ரோடு எங்கேடா?" என்று வாத்தியார் தொடையைப் பிடித்தார். "கடல்லேர்ந்து பாத்தா ரோடு தெரியாது சார்" என்றான் எத்திராஜு. மணி அடிக்கும் வரை பிடி விடவில்லை. அவனும் அழவில்லை. இடைவேளையில் என்னிடம் வந்து, "நீ போட்டது நல்லாத்தான் கீது. ஆனா அத வச்சிகினு வூட்டுக்கு வந்து சேர முடியாது" என்றான். ஒன்பது வயது அப்போது அவனுக்கு!

உன் பிள்ளைகள் எப்போதாவது இந்தக் கடிதத்தைப் படித்தால் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். கடலில் ஒரு இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க நமக்குக் கரைதான் கணக்கு. கரையில் இரண்டு உயரமான பொருள், ஒன்று முன்னால், ஒன்று பின்னால். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற மாதிரி வந்து நின்றால் அது ஒரு கோடு. வேறு பக்கம் பார்த்து அதேபோல் இன்னொரு கோடு. இரண்டும் சேருகிற இடத்தில் தூண்டில் குண்டை இறக்கினால் முன்பு போட்ட இடத்திலேயே போய் விழும். யுத்தம் வருவதற்குக் கொஞ்சம் முன்பு, உனக்கு ஐந்து வயதிருக்கும், ஒரு நாள் நாங்கள் இரண்டு பேரும் தூண்டில் போட்டுக்கொண்டு போகும்போது ஈயக்குண்டு எதிலோ மாட்டிக்கொண்டது. இழுத்தால் வரவில்லை. விட்டால் நகரவில்லை. "டேய், வாத்தியாருடா!" என்று எத்திராஜு கத்தினான். அந்தக் கிள்ளு அப்படியே இருந்தது! கடலுக்கடியில் கல்லுத்திட்டு, நாம் பார் என்று சொல்கிறோமே, அது. சேற்றுக்கடலில் எங்கோ தனியாக ஒரு பார், எவனும் பார்க்காதது. ஒரு மணி நேரத்தில் களவா மீனும் சங்கரா மீனுமாக மரம் தாழ்ந்துபோனது. நிமிர்ந்து கரையைப் பார்த்தால், மாதா கோயில் கோபுரத்துக்கு நேர் பின்னால் ஆலைச் சிம்னி. வடக்கே திரும்பினால், பனைமரத்துக்கு நேர் பின்னால் திருவொற்றியூர்க் கோபுரம். பள்ளிக்கூடத்தில் அவன் போட்ட படம்!

அங்கேயே, மரத்தின் மேலேயே ஒரு பேச்சுப் பேசிக்கொண்டோம். அந்த இடத்துக்குப் பேர் வாத்தியார். தினமும் போகக்கூடாது. நம் இரண்டு வீட்டில் விசேஷம் வந்தால் மட்டும் போக வேண்டும். யாரிடமும் சொல்லக்கூடாது, பெண்டாட்டியிடம்கூட. நீ நம்பமாட்டாய், உன் பள்ளிக்கூடச் சேர்ப்புக்கு, உன் தாத்தா அறுபதாம் கல்யாணத்துக்கு, பூங்காவனம் பிறந்து பேர் வைத்ததற்கு, எல்லாப் பந்தியிலும் வாத்தியார் மீன்தான். குப்பத்தில் இருப்பவர்கள், "உங்க வூட்ல விசேசம்னா மட்டும் மீனு எப்டிடா தேடி வருது?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார்கள். நாங்கள் இரண்டு பேரும் மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டு திரிவோம். அப்படி ஒரு சந்தோஷம் நைனா, சொல்லி மாளாது.

யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊர் பாதி காலியானது. ஹார்பரில் ஆள் பற்றாமல் எடுத்தார்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும், டாலி கிளார்க்காகச் சேர்ந்தேன். பெட்டி எண்ணுகிற வேலை. எத்திராஜு இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்துவிட்டு மூன்றாம் நாள், "சட்ட போட்டுகினு கடல பாத்தா கடல் உன்ன பாக்காது மச்சான்" என்றான். அவ்வளவுதான் அவன் கோபம். ஆனால் எனக்கு உள்ளுக்குள் அரித்தது. ஹார்பரில் எண்ணூர்ப் பக்கத்துக் கடல்காரர்கள் பத்துப் பேர் கூலிக்கு வந்தார்கள், அவர்களுக்கு ஒரு மேஸ்திரி. என்னைப் பார்க்கும்போதெல்லாம், "கரை நண்டு வந்துச்சுபா" என்று சிரிப்பான். ஒரு நாள் டீ குடிக்கும்போது எல்லோரும் சேர்ந்து ஓட்டினார்கள். நான் கடலுக்கே போனதில்லை, பயந்துகொண்டு கரையேறியவன் என்றார்கள். எனக்குத் தாங்கவில்லை. கையில் பெட்டிக்குக் குறி போடுகிற சாக்கட்டி இருந்தது. "உங்க எவனுக்கும் தெரியாத பார் எனக்குத் தெரியும்டா" என்று சொல்லி, ஒரு மரப்பெட்டியின் மேல் படம் போட்டேன். கோபுரம், சிம்னி, பனை, கோபுரம். இரண்டு கோடு. பேரையும் சொன்னேன். என் படம்தான் எப்போதும் அழகாக இருக்குமே! அவர்கள் வாயை மூடிக்கொண்டு பார்த்தார்கள். ஒரு கிளாஸ் டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை. அந்தப் பெருமை அவ்வளவு நேரந்தான் இருந்தது.

பத்து நாள் கழித்துப் பூங்காவனத்துக்குக் காது குத்து. முதல் நாள் விடியலில் எத்திராஜு மீனுக்குப் போனான். மத்தியானம் ஹார்பர் கேட்டில் வந்து நின்றான். கூடை காலி. "மச்சான், நம்ம வாத்தியாராண்ட பதினோரு மரம் நிக்குதுடா" என்றான். நான் காலிக் கூடையையே பார்த்தேன். அவன் என் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எவனோ என் பின்னாலயே வந்து பாத்துகினு போய்க்கிறான்போல" என்றான். "ஆமாண்டா, எவனாவது பின்னாலதான் வந்திருப்பான்" என்றேன் நான். "அப்டியா சொல்ற?" என்றான். "வேற எப்டிடா?" என்றேன். "சரி, காது குத்துக்கு வந்துடு. மீன் கெடையாது, கத்திரிக்காதான்" என்று சொல்லிவிட்டுப் போனான். நான் மறுநாள் போய், மூன்று தரம் கத்திரிக்காய்க் குழம்பு வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்தப் பதினோரு மரக்காரர்களும் இரண்டு வருஷம் வாத்தியாரைச் சுரண்டினார்கள். ஒரு சங்கராக் குஞ்சு மிச்சம் வைக்காமல் வழித்துவிட்டு வேறு இடம் பார்த்துக்கொண்டு போனார்கள். அப்புறம் பார் சும்மா கிடந்தது. சில வருஷம் கழித்து எத்திராஜு ஒண்டியாகப் போய்ப் பார்த்திருக்கிறான். ஒரு சாயங்காலம் நம் வீட்டு வாசலில் வந்து குதித்தான். "மச்சான்! வாத்தியாரு மறுபடியும் ஸ்கூலுக்கு வந்துகினு கீறாருடா! பசங்க நெறைய சேந்துட்டானுங்க. வர்றியா, ஒருவாட்டி போய்ப் பாத்துட்டு வர்லாம்?" நான் டூட்டி என்றேன். அடுத்த வருஷமும் கேட்டான், டூட்டி என்றேன். அதற்கடுத்த வருஷம் தலைவலி. ஒவ்வொரு வருஷமும் கேட்டான் நைனா. கட்டுமரத்தில் முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன். அவன் கண் என் முதுகிலேயே இருக்கும். நான் எப்படி அங்கே போய் உட்காருவேன்? கடைசியில், இரண்டு வருஷத்துக்கு முன்னால், மேற்கே அந்த ஆலையை எடுத்துவிட்டுச் சிம்னியை இடித்தார்கள். அன்றைக்கு வந்து சொன்னான். "சிம்னி பூட்ச்சிடா. பரவால்ல, நான் வேற அடையாளம் ஒண்ணு வச்சிகினேன். இன்னான்னு கேளேன்." நான் கேட்கவில்லை. பேச்சை மாற்றினேன். அந்த அடையாளம் அவனோடு போய்விட்டது.

இப்போது உனக்குப் புரிகிறதா நாங்கள் பட்ட பாடு? எத்திராஜு தம்பி தேசப்பன் தன் அண்ணன் மரத்தை எடுத்துக்கொண்டு ஐந்து வாரம் அலைந்தான். கோபுரத்துக்குப் பின்னால் சிம்னி என்று எப்போதோ அண்ணன் சொல்லக் கேட்டிருக்கிறான், ஆனால் இப்போது அங்கே சிம்னி இல்லை. வடக்குக் கோடு மட்டும் இருந்தால் எங்கே என்று குண்டு போடுவது? நாகம்மா என்னிடம் வந்தாள். "ண்ணா, நீ வந்தாதான் ஆவும். கண்டுபுடிச்சதே நீங்க ரெண்டு பேருதான்" என்றாள். நான் வயசாச்சு, டூட்டி, சிம்னி இல்லாமல் நான் வந்து மட்டும் என்ன பண்ண என்றேன். அப்போது பூங்காவனம் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உன் வருங்காலப் பெண்டாட்டி என்ன சொன்னாள் தெரியுமா? கேட்டுவிட்டுத் துள்ளாதே. "சிம்னி இன்னாத்துக்கு மாமா? அது நின்ன எடத்துலேர்ந்து பொகை வந்தா போதாதா?" நான் வாயைப் பிளந்தேன். ஐந்து வாரமாகக் கடல்காரர்கள் இத்தனை பேர் மூளையைக் கசக்கியும் வராதது, அவள் தலையில் ஒரு நொடியில் வந்துவிட்டது! நைனா, நீ எதற்காவது முட்டி நின்றால் முதலில் அவளைக் கேள். வீட்டு ஆம்பளை என்ற வீறாப்பெல்லாம் அப்புறம் காட்டிக்கொள்ளலாம்.

இதற்கு மேல் நான் எந்தச் சாக்கும் சொல்ல முடியவில்லை. சனிக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு வண்ணாரப்பேட்டைப் பக்கம் போனேன். ஆலை இருந்த இடம் இப்போது மரக்கடை. வேலி ஓரமாக, சிம்னியின் அடிச் செங்கல் வட்டமாக இன்னும் இருந்தது. வாட்ச்மேனிடம் கதையைச் சொன்னோம். கல்யாண மீன் என்றதும் அவருக்கு எங்களைவிட ஆசை வந்துவிட்டது, தண்ணீர் வாளியோடு நானே காவல் நிற்கிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமைதான் சரி, ஆலைகளெல்லாம் லீவு, வேறு சிம்னிகளில் புகை இருக்காது. விடிந்ததும் கரைக்காற்று மேற்கிலிருந்து வரும், புகை பக்கவாட்டில் சாயாமல் கடலைப் பார்க்கத்தான் வரும். மாதா கோயிலில் முதல் பூசை மணி அடித்ததும் கொளுத்துவது என்று பேசிக்கொண்டோம். பூங்காவனம் தகர டின், ஈர வைக்கோல், தார் பூசிய பழைய கயிறு எல்லாம் சேர்த்துக்கொண்டாள்.

நேற்று கருக்கலில் நானும் தேசப்பனும் மரத்தைத் தள்ளினோம். தேசப்பன், "முன்னாடி குந்து மாமு" என்றான். உட்கார்ந்தேன். சிரிக்காதே, அலை தாண்டியதும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது! பதின்மூன்று வயதில் கடலேறியவன், ஐம்பதுக்குப் பக்கத்தில் வாந்தி எடுத்தேன். தேசப்பன் சிரித்துச் சிரித்துத் துடுப்பை விட்டுவிடப் பார்த்தான். வடக்கே பனையும் திருவொற்றியூர்க் கோபுரமும் ஒன்றாக விழுந்தன, அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மெல்லப் போனோம். கரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மாதா கோயில் கோபுரம் தெரிந்தது. பின்னால் ஒன்றும் இல்லை, வெறும் வானம். நேரம் போனது. மணி அடித்திருக்குமே, வாட்ச்மேன் மனம் மாறிவிட்டாரா, வைக்கோல் பிடிக்கவில்லையா என்று உள்ளம் அடித்துக்கொண்டது. அப்போது தேசப்பன், "மாமு, அங்க பாரு!" என்றான். மாதா கோயில் கோபுரத்துக்கு வலது பக்கம், கறுப்பாக, தடியாக, ஒரே ஒரு புகை! உன் பூங்காவனம் போட்ட புகை!

"தெற்கே தள்ளுடா! தள்ளு! தள்ளு!" என்று நான் கத்தினேன். புகை மெல்ல மெல்லக் கோபுரத்தின் பக்கம் நகர்ந்தது. ஒரு சாண். நாலு விரல். ஒட்டியது. கோபுரத்தின் சிலுவைக்கு மேலே புகை நேராக நின்றது. குண்டை விட்டேன். சேறு. இரண்டு துடுப்புத் தள்ளி மறுபடி விட்டேன். சேறு. மூன்றாவது தரம் விட்டபோது, கயிறு வழியாக என் விரலுக்கு வந்தது பார் ஒரு 'டக்'! இழுத்தேன், வரவில்லை. விட்டேன், நகரவில்லை. வாத்தியார் பிடித்துக்கொண்டார்! நான் எழுந்து நின்றுவிட்டேன், மரம் ஆடியது. "குந்து மாமு, கவுத்துறப் போற!" என்று தேசப்பன் என் வேட்டியைப் பிடித்து இழுத்தான். எத்திராஜு, எத்திராஜு என்று கத்திக்கொண்டே உட்கார்ந்தேன். அழுதேனா சிரித்தேனா தெரியாது. முதல் தூண்டிலிலேயே ஒரு களவா, என் முழங்கை நீளம். அப்புறம் சங்கரா, சங்கரா, சங்கரா. கைத் தோல் உரிவது தெரியவில்லை. கூடைக்கு மேல் வேண்டாம், கல்யாணத்துக்கு விட்டுவை என்று நான்தான் நிறுத்தினேன்.

உச்சி வேளையில் கரை ஏறினோம். குப்பமே வந்து நின்றது. நாகம்மா கூடையைப் பார்த்தாள், மணலில் உட்கார்ந்து ஒவ்வொரு மீனாக எடுத்துத் துடைத்து வரிசையாக வைத்தாள். "ஆவணிலயே வச்சிக்கலாம்ணா" என்றாள். கூட்டம் கலைந்த பிறகு நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அந்தச் சந்தோஷத்தில் என் நெஞ்சில் பதினைந்து வருஷமாக அடைத்திருந்தது தானாகத் திறந்துகொண்டது. "நாகம்மா, அன்னைக்குப் பதினோரு மரம் வந்துச்சே, அது யாரும் பின்னால வந்து பாத்தது இல்ல. நான்தான் சொன்னேன்" என்றேன். அவள் கை நிற்கவில்லை. மீனைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"தெரியும்ணா. அவருக்கு அன்னைக்கே தெரியும். அவரு அன்னைக்கு மீனுக்குப் போனப்போ அந்த மரக்காரன் ஒருத்தன், 'வா நைனா, வாத்தியாரு எல்லாருக்கும் பொதுதானே'ன்னு கூப்ட்டானாம். வாத்தியாருன்ற பேரு உங்க ரெண்டு பேர தவிர எவனுக்குத் தெரியும்? எனக்கே அன்னைக்குத்தான் தெரியும்."

அப்படியென்றால் ஹார்பர் கேட்டில் வந்து நின்றானே, எவனோ பின்னால் வந்து பார்த்திருக்கிறான் என்று சொன்னானே, அது அவன் நம்பியது இல்லை. எனக்காக அவனே ஜோடித்து எடுத்துவந்த பொய். நான் சொல்ல முடியாமல் திணறுவேன் என்று தெரிந்து, அவனே ஒரு வழி பண்ணிக் கொடுத்திருக்கிறான். "அப்டியா சொல்ற?" என்று கேட்டது நான் மாற்றிச் சொல்வேனா என்று பார்க்கத்தான். வருஷா வருஷம் வாசலில் வந்து, வர்றியா வர்றியா என்று கூப்பிட்டதும் அதற்குத்தான். எனக்கு முதலில் வந்தது கோபம், உனக்கு ஒளிப்பானேன். ஏண்டா, தெரிந்தால் என் சட்டையைப் பிடித்து நாலு அறை விட்டிருக்கக் கூடாதா, பதினைந்து வருஷம் என்னை இப்படி ஒளிந்து திரியவிட்டாயே என்று. அப்புறம்தான் அழுகை வந்தது. அவன் கதவைத் திறந்துவைத்துக்கொண்டுதான் இருந்தான். நான்தான் டூட்டி டூட்டி என்று வாசலிலேயே திரும்பிப் போய்க்கொண்டிருந்தேன். நீ யாருக்காவது தப்புச் செய்தால் அன்றைக்கே போய்ச் சொல்லிவிடு நைனா. நாளாக நாளாக அந்தத் தப்பைவிட அதைச் சொல்லாதது பெரிதாகிவிடுகிறது. எனக்கு அப்படித்தான் ஆனது.

"பூங்காவனத்தாண்ட மட்டும் சொல்லாதண்ணா. கல்யாண நேரம். அப்பா மேல உசுரையே வச்சிருந்தவ" என்று நாகம்மா சொன்னாள். சரி என்றேன். இந்த வரி வரைக்கும் எழுதிவிட்டு, மடித்து உறைக்குள் போடப் பார்த்தேன். மனம் ஒப்பவில்லை. அவள் காது குத்து மீனைத்தான் நான் பறித்தேன். நேற்று எனக்காகக் கண்ணெரிய நின்று புகை போட்டவளும் அவள்தான். கல்யாணத்தன்று என் காலில் விழுவாள், நான் ஒன்றும் தெரியாதவன்போல் அட்சதை போடுவேனா? பேனாவை வைத்துவிட்டு எழுந்து அவள் வீட்டுக்குப் போனேன்.

இப்போது திரும்பி வந்து மீதியை எழுதுகிறேன். பூங்காவனம் கிணற்றடியில் அந்தத் தகர டின்னைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் இன்னும் கரி இருந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், சாக்கட்டிப் படத்திலிருந்து. அவள் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். முடித்த பிறகு டின்னைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தாள். இந்தப் பெண் உன்னை வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்றுகூட எனக்குப் பயம் வந்துவிட்டது. கடைசியில் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் அப்பன் பார்வை.

"இத எங்கப்பாவாண்ட சொன்னியா மாமா?"

"இல்லம்மா. அதான் போய்ச் சேந்துட்டானே."

"எங்க போய்ட்டாரு? வர்ற ஞாயித்துக்கெழம மரத்த எடுத்துகினு ஒண்டியா போ. நான் மறுபடியும் பொகை போடுறேன். அங்க போயி நின்னு அவராண்ட சொல்ட்டு வா. அதுக்கப்பால வந்து எனக்குச் சொல்லு" என்றாள்.

போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன், நைனா. இன்னும் ஆறு நாள் இருக்கிறது.